இரத்தசாட்சிகளின் தைரியம் எங்கிருந்து வந்தது?

தியானப் பகுதி: வெளிப்படுத்தின விசேஷம் 2:8-11



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனையில் ஆதிச்சபையின் இரத்தசாட்சிகளைக் குறித்துப் பிரசங்கித்தேன். ஆராதனை முடிந்ததும் ஜனங்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கும் மின்சார ரயிலுக்கும் விரைந்துகொண்டிருந்தார்கள். ஒரு வாலிபத் தம்பி மட்டும் போகாமல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து இந்தப் பட்டணத்திற்கு வேலைக்கு வந்து, நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறவர். எல்லாரும் போனபின்பு என்னிடத்தில் வந்தார். “பாஸ்டர், இன்றைக்கு நீங்கள் சொன்னவர்களைப்பற்றிக் கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அறையில் சாப்பிடுமுன் கண்களை மூடி ஜெபிக்கவே எனக்குக் கூச்சமாயிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு நாள் வந்தால் நான் எங்கே நிற்பேன்?” என்று கேட்டார்.

அவருக்காக ஜெபித்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடுகூட வீட்டுக்கு வந்துவிட்டது. பிரசங்கிகளாகிய நாங்கள் பல வேளைகளில் இரத்தசாட்சிகளை வேறொரு உலகத்து மனிதர்களைப்போலச் சித்திரிக்கிறோம். அவர்கள் பயமறியாதவர்கள், இரும்பு இருதயம் படைத்தவர்கள் என்று சொல்லிவிடுகிறோம். கேட்கிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள், ஆனால் தங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று எண்ணி வீடு திரும்புகிறார்கள். அவர்களைக் குறித்து ஆதிச்சபையார் எழுதிவைத்தவற்றைப் பொறுமையாய் வாசித்துப்பார்த்தால் வேறொரு காரியம் விளங்கும். அதையே இம்மாதம் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

கேட்ட நாளும் சோதிக்கப்பட்ட நாளும்

இன்றைய துருக்கி நாட்டில் இஸ்மீர் என்று அழைக்கப்படும் துறைமுகப் பட்டணமே வேதத்தில் நாம் வாசிக்கும் சிமிர்னா. ரோமப் பேரரசனாகிய திபேரியுவுக்குக் கோயில் கட்டும் சிலாக்கியத்துக்காக ஆசியாவின் பதினொரு பட்டணங்கள் போட்டியிட்டபோது, கி.பி. 26-ல் அது சிமிர்னாவுக்கே கிடைத்தது. அப்படிப்பட்ட ஊரில் இராயனைக் கர்த்தர் என்று சொல்ல மறுப்பது ஒருவனுடைய சொந்த நம்பிக்கையைச் சார்ந்த காரியமாக மட்டும் இருக்கவில்லை. ஊர்ப் பெருமைக்கே விரோதமான குற்றமாக அது எண்ணப்பட்டது.

அந்த ஊர்ச் சபைக்கு ஆண்டவர் பத்மு தீவிலிருந்த யோவானைக்கொண்டு ஒரு நிருபம் அனுப்பினார். ஆசியாவின் ஏழு சபைகளில் சிமிர்னாவும் பிலதெல்பியாவும் மாத்திரமே கடிந்துகொள்ளப்படாத சபைகள். ஆனாலும் சிமிர்னாவுக்குப் பாடுகள் நீங்கும் என்ற வாக்குத்தத்தம் கொடுக்கப்படவில்லை. உபத்திரவம் வரப்போகிறது, பயப்படவேண்டாம், சாவு வரினும் உண்மையைக் காத்துக்கொள்ளுங்கள், ஜீவகிரீடம் உங்களுக்குண்டு என்பதே அந்த நிருபத்தின் சாரம்.

இந்தத் தரிசனம் தொமித்தியன் ஆட்சியின் கடைசியில், அதாவது ஏறத்தாழ கி.பி. 95-ல் உண்டானது என்று ஐரேனியஸ் எழுதிவைத்திருக்கிறார். இந்த ஐரேனியஸ் தம் இளவயதில் சிமிர்னாவின் கண்காணியாகிய பாலிகார்ப்பை நேரில் கண்டவர். பாலிகார்ப்பு இரத்தசாட்சியாய் மரித்தது ஏறத்தாழ கி.பி. 155-ல். அப்போது அவர் தம் வாயால் சொன்ன 86 ஆண்டுகள் என்பதை அவருடைய வயது என்று எடுத்துக்கொண்டால், அந்த நிருபம் சிமிர்னாவுக்கு வந்த நாட்களில் அவர் ஏறத்தாழ இருபத்தைந்து வயது வாலிபர்!

பிரியமானவர்களே, இதைச் சற்றுச் சிந்தியுங்கள். வார்த்தை வந்தது இருபத்தைந்து வயதில். அது சோதிக்கப்பட்டது எண்பத்தாறு வயதில். நடுவிலே அறுபது ஆண்டுகள். அந்த அறுபது ஆண்டுகளில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

அதைக் காட்டும் இரண்டு நிருபங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்தியோகியாவின் இக்னேஷியஸ், கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படும் வழியில் பாலிகார்ப்புக்கு எழுதியது ஒன்று. விதவைகளை அசட்டைபண்ணாதிரும், சபை கூடிவருதல்கள் இன்னும் அடிக்கடி நடக்கட்டும், ஒவ்வொருவரையும் பேர்பேராய்த் தேடிப்போம், அடிமைகளை இழிவாய் எண்ணாதிரும் என்ற கருத்துப்பட அதில் ஆலோசனை சொல்லுகிறார். மற்றொன்று பாலிகார்ப்பே பிலிப்பி சபைக்கு எழுதியது. அங்கே வாலென்ஸ் என்ற மூப்பர் பண ஆசையினால் விழுந்துபோயிருந்தார். பாலிகார்ப்பு அவருக்காகத் துக்கப்படுகிறார். அவரைச் சத்துருவாக எண்ணாமல், வழிதப்பின அவயவமாக எண்ணித் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி சபையை வேண்டிக்கொள்ளுகிறார்.

விதவைகளின் பராமரிப்பு, சபைக் கூட்டங்கள், பணக் காரியத்தில் தவறிய ஒரு மூப்பர்! எந்தப் போதகருக்கும் இவை அன்றாட வேலைகள். சிங்கமும் இல்லை, அக்கினியும் இல்லை. ஆனால் அரங்கத்தில் நாம் காணப்போகிற மனிதர் இந்த அன்றாட வேலைகளில்தான் உருவாக்கப்பட்டார்.

வண்டியில் வந்த சோதனை

பாலிகார்ப்பின் முடிவைச் சிமிர்னா சபையார் பிலோமேலியம் என்ற ஊர்ச் சபைக்கு ஒரு நிருபமாக எழுதியனுப்பினார்கள். அதின்படி, துன்பம் தொடங்கியபோது அவர் தாமாகப் போய் மாட்டிக்கொள்ளவில்லை. சபையார் வற்புறுத்தியபடியால் பட்டணத்துக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் தங்கி, இரவும் பகலும் ஜெபித்துக்கொண்டிருந்தார். பிற்பாடு வேறொரு பண்ணைக்கு மாறினார். ஒரு வேலைக்காரப் பையனை அடித்து வதைத்து அவருடைய இருப்பிடத்தை அறிந்துகொண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, குதிரைவீரர்கள் ஆயுதங்களோடு வந்து வீட்டைச் சூழ்ந்தார்கள்.

அப்போதும் தப்பிப்போக வழியிருந்தது. அவரோ தேவசித்தம் ஆகட்டும் என்று சொல்லி, மாடியிலிருந்து இறங்கிவந்தார். வந்தவர்களுக்கு வேண்டிய மட்டும் போஜனமும் பானமும் கொடுக்கச் சொன்னார். தாம் ஜெபிக்க ஒரு மணி நேரம் மட்டும் கேட்டார். நின்றபடியே ஜெபிக்கத் தொடங்கினவர் இரண்டு மணி நேரம் நிறுத்தவில்லை. தம் வாழ்நாளில் சந்தித்த சிறியோர் பெரியோர் யாவரையும் நினைத்து ஜெபித்தார் என்று நிருபம் சொல்லுகிறது. பேர்பேராய்த் தேடிப்போம் என்ற ஆலோசனையைப் பல ஆண்டுகளுக்கு முன் பெற்றவர், முதுமையில் அவர்களை ஜெபத்தில் தேவசமுகத்திற்குக் கொண்டுபோகிறார். பிடிக்க வந்தவர்களில் சிலர், இப்படிப்பட்ட ஒரு முதியவரைப் பிடிக்கவா வந்தோம் என்று மனம் வருந்தினார்களாம்.

அடுத்து நடந்ததை நன்றாய்க் கவனியுங்கள். அவரைக் கழுதையின்மேல் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோகும் வழியில், ஏரோது என்னும் பேருடைய காவல் அதிகாரியும் அவனுடைய தகப்பனும் எதிரே வந்து, அவரைத் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நயமாகப் பேசினார்கள். இராயனைக் கர்த்தர் என்று சொல்லி, கொஞ்சம் தூபங்காட்டிப் பலிசெலுத்தி, உயிரைக் காத்துக்கொள்வதில் என்ன தவறு என்று கேட்டார்கள்.

முதல் சோதனை பயமுறுத்தலாய் வரவில்லை பாருங்கள்! அது ஒரு வண்டியில், அக்கறையுள்ள குரலில் வந்தது. ஒரு வார்த்தைதானே, ஒரு சிட்டிகை தூபவர்க்கந்தானே, இதனால் யாருக்கு நஷ்டம் என்றது. அவர் முதலில் பதில் பேசவில்லை. அவர்கள் விடாமல் வற்புறுத்தவே, நீங்கள் சொல்லுகிறதைச் செய்யமாட்டேன் என்றார். உடனே நயம் போயிற்று. வண்டியிலிருந்து அவரை அவசரமாய்த் தள்ளி இறக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் தோல் சிராய்ந்துபோயிற்று. அவரோ ஒன்றும் நடவாததுபோலத் தொடர்ந்து நடந்தார்.

அரங்கத்தில் தேசாதிபதி, வயதை நினைத்துப்பாரும், கிறிஸ்துவைத் தூஷியும், விட்டுவிடுகிறேன் என்றான். பாலிகார்ப்பு சொன்ன பதிலைச் சபை மறக்கவேயில்லை. 86 ஆண்டுகள் அவரைச் சேவித்ததாகவும், அவர் தமக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை என்றும், தம்மை இரட்சித்த இராஜாவைத் தாம் எப்படித் தூஷிக்க முடியும் என்றும் கேட்டார்.

இந்தப் பதிலில் வீராப்பு எங்கேயாவது உண்டா? சவால் உண்டா? இது நன்றியுள்ள ஒரு ஊழியக்காரனின் வாய்ச்சொல். அவர் தம்முடைய பெலத்தை எண்ணிப்பார்க்கவில்லை. ஆண்டவர் தமக்குச் செய்த நன்மைகளை எண்ணிப்பார்த்தார். எண்பத்தாறு ஆண்டுக் கணக்கில் ஒரு குறைவும் காணவில்லை. ஆகவே அவரை மறுதலிக்க ஒரு காரணமும் அவருக்குக் கிடைக்கவில்லை. விறகுக் குவியலின்மேல் அவரை ஆணியடிக்கப்போனார்கள். அக்கினியைச் சகிக்க அருள்செய்கிறவர் அசையாமல் நிற்கவும் அருள்செய்வார் என்று சொல்லி, அதை வேண்டாம் என்றார். கட்டப்பட்டவராய் ஸ்தோத்திர ஜெபம் செய்து முடித்தார். பின்பு தீ மூட்டினார்கள்.

தானாய் வந்தவனின் கதை

அதே நிருபத்தில் சபையார் மறைக்காமல் எழுதிய வேறொருவனும் உண்டு. அவன் பேர் குவிந்து. பிரிகியா நாட்டிலிருந்து புதிதாய் வந்தவன். யாரும் தேடாமலே தானாக அதிகாரிகளுக்கு முன் போய் நின்றான். வேறு சிலரையும் அப்படியே செய்யத் தூண்டினான். துஷ்டமிருகங்களைக் கண்டவுடனே நடுங்கிப்போனான். தேசாதிபதி சொன்னபடி ஆணையிட்டு, பலியும் செலுத்திவிட்டான். ஆகையால் தங்களைத் தாங்களே ஒப்புக்கொடுக்கிறவர்களை நாங்கள் மெச்சிக்கொள்ளுகிறதில்லை, சுவிசேஷம் அப்படிப் போதிக்கவில்லை என்று சபையார் எழுதுகிறார்கள்.

ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகும்படி ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 10:23). பண்ணை வீட்டில் ஒளிந்திருந்த முதியவர் நின்றார்; முந்திக்கொண்டு ஓடிவந்த குவிந்து விழுந்தான். எல்லாரும் இடறினாலும் நான் இடறேன் என்று சொன்ன பேதுருவின் இரவும் நமக்குத் தெரியும். விசுவாச தைரியம் வேறு, மாம்ச துணிச்சல் வேறு. சண்டையைத் தேடிப்போகிறதும், அயலகத்தாரைப் புண்படுத்திப் பேசிவிட்டு அதைச் சாட்சி என்று சொல்லிக்கொள்ளுகிறதும் இரத்தசாட்சிகளின் வழியல்ல. தம்மைப் பிடிக்க வந்தவர்களுக்குப் பந்தி வைத்தவரே நமக்கு மாதிரி.

வேறொருவர் என்னில் இருப்பார்

அப்படியானால், அறுபது ஆண்டு அனுபவம் இல்லாத புதிய விசுவாசியின் கதி என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் பதில் உண்டு. வட ஆப்பிரிக்காவில், இன்றைய தூனிசியா நாட்டிலுள்ள கார்த்தேஜ் பட்டணத்துக்கு வாருங்கள். ஆண்டு கி.பி. 203.

அங்கே பிடிக்கப்பட்ட சிறு கூட்டத்தார் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர்கள். பிடிபட்ட பின்பே ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களில் பெர்பெத்துவா நல்ல குடும்பத்தில் பிறந்து கல்வி கற்றவள். ஏறத்தாழ 22 வயது. கையில் பால்குடிக்கிற குழந்தை. பெலிசித்தாஸ் ஓர் அடிமைப் பெண். எட்டு மாதக் கர்ப்பிணி. பெர்பெத்துவா சிறையில் தன் கையால் எழுதிய குறிப்புகள் இன்றுவரை இருக்கின்றன. கிறிஸ்தவப் பெண் ஒருத்தி எழுதி நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழமையானவற்றுள் அது ஒன்று.

அந்தக் குறிப்புகளில் தான் பயந்ததாக அவளே எழுதுகிறாள். அப்படிப்பட்ட இருட்டைத் தான் ஒருபோதும் கண்டதில்லை என்கிறாள். நெருக்கடியும் வெக்கையும் ஒரு பக்கம், குழந்தையைப்பற்றிய கவலை மறு பக்கம் அவளை வாட்டின. அப்போது சபையின் உதவிக்காரர் இருவர் காவலருக்குப் பணம் கொடுத்து, சிறையின் சற்று நல்ல பகுதியில் சில மணி நேரம் இளைப்பாற வழிசெய்தார்கள். பசியால் சோர்ந்திருந்த குழந்தைக்கு அங்கே பாலூட்டினாள். பின்பு குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தபோது, சிறையே தனக்கு அரண்மனையாயிற்று என்கிறாள். சிறையிலிருந்தவளைச் சபை தனியே விட்டுவிடவில்லை; அவளுடைய தைரியத்தில் அந்த உதவிக்காரருக்கும் பங்கு உண்டு.

அவளுடைய தகப்பன் திரும்பத் திரும்ப வந்தார். தன் நரைமயிரைப் பார்க்கும்படி கெஞ்சினார். மகளுடைய கைகளை முத்தமிட்டு, காலடியில் விழுந்து அழுதார். அவள் கல்நெஞ்சக்காரியல்ல. அவரை அதிகாரி கோலால் அடிக்கச் சொன்னபோது, அந்த அடி தன்மேலேயே விழுந்ததுபோல் நொந்ததாக எழுதுகிறாள். தகப்பனை நேசித்தாள், குழந்தையை நேசித்தாள், ஆனாலும் தான் கிறிஸ்தவள் என்பதை மாற்றிச் சொல்ல அவளால் கூடவில்லை.

கர்ப்பிணிகளைக் கொல்லக்கூடாது என்பது ரோமச் சட்டம். தன் உடன்விசுவாசிகளைவிட்டுத் தான் தனியே பின்தங்கிவிடுவேனோ என்று பெலிசித்தாஸ் துக்கப்பட்டாள். எல்லாரும் ஒருமனமாய் ஜெபித்தார்கள். எட்டாம் மாதத்திலேயே பிரசவ வேதனை உண்டாயிற்று. வலியில் அவள் கதறியபோது சிறைச்சேவகன் ஒருவன், இதற்கே இப்படிக் கதறுகிறாயே, மிருகங்களுக்கு முன் என்ன செய்வாய் என்று ஏளனம்பண்ணினான். இப்போது படுகிற பாட்டை நான் படுகிறேன், அப்போதோ எனக்காகப் பாடுபட வேறொருவர் என்னில் இருப்பார் என்னும் கருத்தில் அவள் பதில் சொன்னாள். பிறந்த பெண் குழந்தையைச் சபையின் சகோதரி ஒருத்தி தன் சொந்த மகளாக வளர்த்தாள்.

பிரியமானவர்களே, பிரசவ அறையில் கதறினவள்தான் அரங்கத்தில் நின்றாள். அவளிடத்தில் முன்கூட்டியே சேர்த்துவைத்த தைரியம் ஒன்றும் இல்லை. அந்த நாளுக்குரிய பெலன் அந்த நாளில் கொடுக்கப்படும் என்று மாத்திரம் அறிந்திருந்தாள். அதிகாரிகளுக்கு முன் எதைப் பேசுவோம் என்று கவலைப்படவேண்டாம், பிதாவின் ஆவியானவர் உங்களில் பேசுவார் என்று ஆண்டவர் சொன்னது இதுவே (மத்தேயு 10:19-20). மார்ச் 7-ஆம் தேதி அரங்கத்தில், முரட்டுப் பசு முட்டித் தள்ளினபோது, பெர்பெத்துவா எழுந்து, விழுந்துகிடந்த பெலிசித்தாஸுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். சீமாட்டியும் அடிமைப் பெண்ணும் அருகருகே நின்றார்கள்.

பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தைக் குறித்து அதிகமாய்ப் பேசுகிறவர்கள் நாம். பெலனடைவீர்கள் என்ற வாக்குத்தத்தத்தோடு இணைந்திருப்பது சாட்சி என்ற வார்த்தை (அப்போஸ்தலர் 1:8). மூலபாஷையில் அது ‘மார்த்துஸ்’. பிற்பாடு இரத்தசாட்சி என்று பொருள்பட்டதும் அதே சொல்தான். அபிஷேகம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை அந்தச் சொல்லே நமக்குப் போதிக்கிறது.

காகிதத்தில் ஒரு பொய்

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். கி.பி. 250. பேரரசன் டீசியஸ், தன் ஆட்சிக்குட்பட்ட ஜனங்கள் தேவர்களுக்குப் பலியிடவேண்டும் என்று கட்டளை பிறப்பித்தான். பலியிட்டவர்களுக்கு அதிகாரிகள் கையெழுத்திட்ட சான்றிதழ் கொடுக்கப்பட்டது. எகிப்து நாட்டின் வறண்ட மண்ணிலிருந்து அப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. நான் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டுவந்தேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டு, பானபலி வார்த்து, படைத்ததை ருசிபார்த்தேன் என்பதே அவற்றில் எழுதப்பட்டிருப்பது.

கார்த்தேஜில், அதாவது பெர்பெத்துவாவும் பெலிசித்தாஸும் நின்ற அதே ஊரில், ஏராளமான விசுவாசிகள் விழுந்துபோனார்கள். மாலையாகிவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது, இன்றைக்கே பலியிட விடுங்கள் என்று கெஞ்சினவர்களும் இருந்ததாக அவ்வூர்க் கண்காணி சிப்ரியன் மனவேதனையோடு எழுதுகிறார். வேறு சிலர் பலியிடவில்லை. ஆனால் பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நான் ஒன்றும் செய்யவில்லையே, காகிதந்தானே என்று தங்கள் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? சிப்ரியன் அதிகாரிகளைக் காரணமாகச் சொல்லவில்லை. நீண்ட சமாதான காலத்தில் சபை தூங்கிவிட்டது என்கிறார். ஒவ்வொருவனும் சொத்தைப் பெருக்குவதிலேயே கண்ணாயிருந்தான். கண்காணிகளில் பலர்கூட மந்தையை விட்டு வியாபாரத்தில் இறங்கினார்கள். சிமிர்னாவில் அறுபது ஆண்டு உண்மை ஒரு மனிதரை நிற்கச்செய்தது. கார்த்தேஜில் பல்லாண்டு அலட்சியம் ஒரு சபையை விழச்செய்தது. அரங்கம் யாரையும் வீரனாக்கவும் இல்லை, கோழையாக்கவும் இல்லை. ஏற்கெனவே உள்ளே இருந்ததை அது வெளியே காட்டிற்று.

இங்கே நான் ஒன்றை அறிக்கைசெய்யவேண்டும். வேதாகமக் கல்லூரி முடித்த புதிதில், நீண்ட தூர ரயில் பயணம் ஒன்றில், எதிரே உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், “தம்பி என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்று கேட்டார். பெட்டியில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “ஆசிரியர் வேலை” என்று சொல்லிவிட்டேன். என் பைக்குள் வேதாகமம் இருந்தது. அங்கே சிங்கம் இல்லை, தேசாதிபதி இல்லை. அந்தப் பெரியவர் எனக்குக் கடலை கொடுத்துச் சாப்பிடச் சொன்ன நல்ல மனிதர். அந்த இரவு முழுவதும் மேல் பலகையில் தூக்கமில்லாமல் கிடந்தேன். இன்றைக்கும் சேவல் கூவின பகுதியை நான் பிரசங்கிக்கும்போதெல்லாம் அந்தக் கடலை வாசனை எனக்கு நினைவுவரும்.

விழுந்தவர்களுக்கு வழி உண்டா? உண்டு. கி.பி. 251-ல் கார்த்தேஜில் கூடிய கண்காணிகள், விழுந்தவர்களின் காரியத்தை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். பாவத்தை அற்பமாக எண்ணவில்லை. மனந்திரும்புதலுக்குக் காலம் வைத்தார்கள். ஆனால் கதவை அடைக்கவில்லை. மறுபடியும் துன்பம் வரும் என்று கண்டபோது, மனந்திரும்பிக் காத்திருந்தவர்களைப் பந்திக்குச் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துவின் இரத்தத்தின் ஐக்கியத்தை இவர்களுக்கு மறுத்தால், அவருக்காக இரத்தஞ்சிந்த இவர்கள் எப்படித் துணிவார்கள் என்பது சிப்ரியனின் நியாயம்.

இந்தச் சிப்ரியனும் டீசியஸ் காலத்தில் ஒளிந்திருந்து சபையை நிருபங்களால் நடத்தினவர்தான். அதற்காகக் குறைகூறப்பட்டவர். ஆனால் வலேரியன் காலத்தில் அவருடைய நாள் வந்தது. கி.பி. 258 செப்டம்பர் 14-ல் தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது, தேவனுக்கு ஸ்தோத்திரம் என்றார். தம்மைச் சிரச்சேதம்பண்ணப்போகிறவனுக்கு இருபத்தைந்து பொற்காசுகள் கொடுக்கும்படி தம்முடையவர்களிடம் சொன்னார்.

இன்றைய நம்முடைய நாள்

ஊரைவிட்டு வந்து, அந்நிய பாஷை பேசும் பட்டணத்தில் வேலைசெய்து, வாடகை வீட்டில் பிள்ளைகளை வளர்க்கிற நமக்கு இதில் என்ன பாடம்?

ஏறத்தாழ கி.பி. 112-ல் பித்தினியாவை ஆண்ட பிளினி, பேரரசன் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினான். இந்தக் கிறிஸ்தவர்களை விசாரித்ததில், அவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தேவனாகப் பாடுகிறார்கள் என்றும், திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, சொன்ன வாக்கைத் தவறுவதில்லை, ஒப்படைக்கப்பட்டதைத் திரும்பக் கேட்டால் மறுப்பதில்லை என்று உறுதி செய்துகொள்ளுகிறார்கள் என்றும் அறிந்ததாக அதில் எழுதினான். வாழ்வா சாவா என்று நின்றவர்களின் வாராந்தரத் தீர்மானம் அதுதான். கொடுத்த வாக்கைக் காப்பது! வாங்கினதைத் திருப்பித் தருவது!

வரிச் சலுகைக்காகப் பொய்யாய் எழுதி வாங்குகிற வாடகை ரசீது, இல்லாத வியாதிக்காக வாங்குகிற மருத்துவச் சான்றிதழ், நண்பர்கள் கேலிசெய்வார்களே என்று மறைக்கிற ஜெபவேளை இவையெல்லாம் அற்பமாகத் தோன்றலாம். காகிதந்தானே என்று கார்த்தேஜிலும் சொன்னார்கள். கொஞ்சத்திலே உண்மையாயிருக்கிறவனே அநேகத்திலும் உண்மையாயிருப்பான் என்பது ஆண்டவருடைய போதனை (லூக்கா 16:10). அந்த நாளில் நான் நிற்பேனா என்று கேட்டு நாம் கலங்கவேண்டாம். அந்த நாளின் பெலன் அவர் கையில் இருக்கிறது. இன்றைய நாளின் உண்மையைத்தான் நம்முடைய கையில் வைத்திருக்கிறார்.

அந்தத் தம்பியிடம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதையே சொன்னேன். “சிங்கத்தை விடுங்கள் தம்பி, சாப்பாட்டுத் தட்டுக்கு முன் தொடங்குங்கள்” என்றேன். அநேக வாரங்களுக்குப் பின், ஒரு நாள் நாற்காலி அடுக்கும்போது அவரே சொன்னார்: “பாஸ்டர், கூச்சம் இன்னும் முழுதாய்ப் போகவில்லை. ஆனாலும் ஜெபிக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அறையில் ஒருவர் மட்டும், நான் கண்களைத் திறக்கும்வரைக்கும் சாப்பிடாமல் காத்திருக்கிறார்.”

ஜெபிப்போம்: அன்பின் பரம பிதாவே, பாலிகார்ப்பின் முதுமையையும், பெலிசித்தாஸின் பெலவீனத்தையும் உம்முடைய மகிமைக்காகப் பயன்படுத்தினீரே, உமக்கு ஸ்தோத்திரம். நாங்கள் வெட்கப்பட்டு மறைத்த வேளைகளை மன்னியும். இன்றைய சிறிய காரியங்களில் எங்களை உண்மையுள்ளவர்களாகக் காத்துக்கொள்ளும். பெரிய நாள் வருமானால், உம்முடைய ஆவியானவர் எங்களில் நிற்பாராக. எங்களை எதிர்க்கிறவர்களையும் ஆசீர்வதியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.